இளைஞர் தங்குமிடத்துக்கு ஆண்டுக்கு 12,000 வெள்ளி கொடுக்கலாமா? கணக்கறிக்கை கையில் இருக்கிறது

செந்தூல்காரன் | சனி, இரவு 10:12

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் 40 பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 25 வெள்ளி (ரிங்கிட்) போட்டு வருகிறோம். ஆண்டுக்கு 12,000 வெள்ளி சேரும். இதுவரை பிள்ளைகளுக்குச் சீருடை, பை, காலணி என்று வாங்கிக் கொடுத்தோம். இந்த ஆண்டு மொத்தப் பணத்தையும் ஓர் இளைஞர் தங்குமிட அமைப்புக்குக் கொடுக்கலாம் என்று குழுவில் பேச்சு.

அமைப்பின் பெயர் வேண்டாம். அவர்களைக் குறை சொல்வதற்காக இதைத் தொடங்கவில்லை. ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியே வரும் பையன்கள், வீட்டில் இருக்க முடியாமல் கிளம்பி வந்தவர்கள், இவர்களுக்காகக் கெப்போங் பக்கம் மூன்று அடுக்குமாடி வீடுகளை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். மொத்தம் 18 கட்டில். இரண்டு ஆண்டு வரை தங்கலாம். சங்கப் பதிவு இலாகாவில் பதிவு பெற்ற சங்கம்.

கேட்ட அன்றைக்கே சென்ற ஆண்டுக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அப்படியே தருகிறேன்.

வரவு 312,000 வெள்ளி: ஆண்டு விருந்து 140,000, கோயில்களும் தனிநபர்களும் கொடுத்தது 96,000, ஒரு நிறுவனத்தின் மானியம் 60,000, தங்கியிருக்கும் பையன்கள் கொடுத்த பங்கு 16,000.

செலவு 298,000 வெள்ளி: வாடகை 57,600, சாப்பாடு 64,800, மின்சாரம் தண்ணீர் இணையம் 14,400, ஊழியர் இருவருக்கு அலவன்ஸ் 84,000, விருந்துச் செலவு 62,000, படிப்பு மற்றும் பயிற்சிக் கட்டணம் 9,200, அலுவலகமும் கணக்காய்வும் 6,000.

ஆண்டுக் கடைசியில் வங்கியில் 71,000.

பலன் என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரிதான்: '31 இளைஞர்கள் பயனடைந்தனர். 26 பேர் சொந்தக் காலில் நிற்கின்றனர்.'

எனக்கு நல்ல கணக்காகத்தான் தெரிகிறது. மிச்சம் 14,000 இருக்கிறது. நிர்வாகச் செலவு 6,000தான், 2 விழுக்காடு. ஆனால் நான் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன், கணக்குப் படித்தவன் இல்லை. 40 பேர் பணம் என்பதால் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.


பேரேடு | சனி, இரவு 11:35

அண்ணே, கேட்ட அன்றைக்கே கொடுத்தார்கள் என்பதை முதலில் அவர்கள் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் 14 ஆண்டாக இருக்கிறேன். சங்கங்களின் கணக்கு நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சரியாக வருகிறது.

ஆனால் அந்த 14,000 மிச்சம் உண்மையான மிச்சமா என்று பார்க்க வேண்டும். நிறுவனம் கொடுத்த 60,000 எதற்காகக் கொடுத்தது? இந்த மாதிரி மானியம் பெரும்பாலும் பயிற்சிக்கு, கணினிக்கு என்று பெயர் சொல்லித்தான் வரும். பயிற்சிக்கென்று வந்திருந்தால், பயிற்சிக்கு 9,200தான் செலவாகியிருக்கிறது. மீதி 50,800 அவர்கள் கையில் இருந்தாலும் அவர்கள் பணம் இல்லை. அதைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்: 14,000 மிச்சம் என்பது 36,800 பற்றாக்குறையாக மாறிவிடும். வங்கியில் தொடக்கூடிய பணம் 71,000 இல்லை, 20,200. ஆண்டுத் தொடக்கத்தில் 57,000 இருந்திருக்கிறது. ஒரே ஆண்டில் அவ்வளவு இறங்கியிருக்கிறது.

விருந்துச் செலவைக் கழித்தால் வீடுகளை நடத்த ஆண்டுக்கு 236,000, மாதம் ஏறக்குறைய 19,700. கையில் இருக்கும் 20,200 ஒரு மாதத்துக்குத்தான் வரும்.

அப்புறம் விருந்து. 140,000 வசூல், 62,000 செலவு. ஒருவர் 100 வெள்ளி கொடுத்தால் 44 வெள்ளி மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது. நம் சங்கங்கள் எல்லாமே இப்படித்தான் பணம் திரட்டுகின்றன, அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நிகரமாக வரும் 78,000தான் வீடுகளை நடத்தும் செலவில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே இரவை நம்பி மூன்று வீடு. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மண்டபங்கள் எல்லாம் மூடிவிட்டன. தங்குமிடங்களில் இருந்த பையன்கள் அங்கேயேதான் இருந்தார்கள், மூன்று வேளையும் சாப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். 18 பேர், மாதம் ஆளுக்கு 300, 12 மாதம்: சரியாக 64,800. ரசீதைக் கூட்டினால் இப்படி முழுதாக வராது. மாதம் இவ்வளவு என்று ஒருவர் கையில் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அது தவறில்லை. யார் கையில் கொடுக்கிறார்கள், அவர் ரசீது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். நாளைக்கு 10 வெள்ளியில் ஒரு வாலிபப் பிள்ளைக்கு மூன்று வேளை போடுகிறார் என்றால் அந்த ஆள் கெட்டிக்காரர்.

எனக்கு மனம் கேட்காதது அந்த 'அலவன்ஸ்' என்ற சொல். இருவருக்கும் மாதம் 3,500. முழுநேர ஊழியர் என்றால் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு கட்ட வேண்டும், சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) உண்டு. கணக்கில் அந்த வரியே இல்லை. 84,000க்கு 13 விழுக்காடு 10,920. ஒரு நாள் அந்தப் பாக்கி வந்து நின்றால் 20,200இல் பாதி காலி.

நிர்வாகச் செலவு 2 விழுக்காடு என்று மகிழாதீர்கள், அண்ணே. 2013இல் அமெரிக்காவில் அறநிறுவனங்களை மதிப்பிடும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் ஆகியவை இன்னோர் அமைப்போடு சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடலே எழுதின: நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடை போடாதீர்கள் என்று. இங்கே செலவு குறைவாகத் தெரிவதற்குக் காரணம், இரண்டு ஊழியர்களின் முதுமைக்காலப் பணம் சேராமல் இருப்பது.


கேள்விக்குறி | ஞாயிறு, காலை 8:05

நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். 236,000ஐ 18 கட்டிலால் வகுத்தால் ஒரு கட்டிலுக்கு ஆண்டுக்கு 13,111 வெள்ளி.

இப்போது ஒரு பையன் சொந்தமாக அறை எடுக்க என்ன வேண்டும்? 600 வெள்ளி அறை என்றால் இரண்டு மாத டெப்பாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. மொத்தம் 2,100. குறைந்தபட்சச் சம்பளம் 1,700. சேமநிதி 11 விழுக்காடு போனால் கைக்கு 1,500 அளவில் வரும். ஆக, சம்பளத்தில் அவனால் மாத வாடகை கட்ட முடியும். அந்த முதல் 2,100தான் அவனைத் தடுக்கும் சுவர்.

ஒரு கட்டிலுக்குச் செலவாகும் பணத்தில் ஆறு பையன்களுக்கு அந்த 2,100ஐக் கொடுக்கலாம். வீடு எதற்கு, காவலாளி எதற்கு, விருந்து எதற்கு? பி.பி.ஆர். என்ற அரசாங்க மலிவு வாடகை வீடு மாதம் 124 வெள்ளிதான், ஆனால் அந்த வரிசையில் குடும்பங்கள் நிற்கும்போது 19 வயதுத் தனி ஆளை யார் கூப்பிடப் போகிறார்கள்? அதனால் டெப்பாசிட் நிதிதான் சரியான வழி என்று நினைக்கிறேன். உணர்ச்சியை விட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.


இரவுப்பணி | ஞாயிறு, காலை 9:50

கேள்விக்குறி அண்ணே, உணர்ச்சியை விட்டுவிட்டு என்னால் சொல்ல முடியாது. நான் அப்படி ஒரு வீட்டில் இருந்தவன். நீங்கள் பேசும் வீடு இல்லை, வேறு ஊர்.

18 வயது முடிந்தால் சட்டப்படி நாம் குழந்தை இல்லை. நான் வளர்ந்த இல்லத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு கொடுத்தார்கள். பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு, அடையாள அட்டையின் நகல். அவ்வளவுதான் என் உடைமை. ஓர் உணவகத்தில் வேலை கிடைத்தது, மேல்மாடியில் தங்க இடமும் கொடுத்தார்கள். எட்டாவது மாதம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்தேன். ஐந்தாம் நாள் வேலை போனது. வேலை போன அன்றைக்கே படுக்கையும் போனது. அதற்குப் பிறகு மூன்று வாரம் 24 மணி நேர மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கி வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருப்பேன். கடைப் பையன் தெரிந்தும் எழுப்ப மாட்டான்.

அப்போது யாராவது என் கையில் 2,100 கொடுத்திருந்தால் நிச்சயம் அறை எடுத்திருப்பேன். இன்னொரு காய்ச்சல் வந்திருந்தால் அதையும் விட்டிருப்பேன். எனக்கு மின்கட்டண ரசீதைப் படிக்கத் தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியாது. சேமநிதி என்றால் சம்பளத்தில் வெட்டிக்கொள்ளும் காசு என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு நான் போய்ச் சேர்ந்த வீட்டின் வார்டன் அண்ணன்தான் ரசீதை மேசையில் விரித்து வைத்து, குளிர்சாதனம் எவ்வளவு இழுக்கும் என்று பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். நான் வெளியேறி ஸ்தாப்பாக்கில் அறை எடுத்த பிறகும் ஓர் ஆண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டார். 'சாப்பிட்டியா'தான் முதல் கேள்வி. இரண்டு தடவை வாடகை கட்ட முடியாமல் ஓடிவிடலாம் என்று இருந்தேன். அந்த அழைப்பு வந்ததால் ஓடவில்லை.

அந்த ஓர் ஆண்டு அழைப்பு எந்தக் கணக்கறிக்கையிலும் வராது. அவருக்கும் அலவன்ஸ்தான் கொடுத்தார்கள்.


கேள்விக்குறி | ஞாயிறு, காலை 10:20

தம்பி, மன்னிக்கணும். 2,100 மட்டும் போதும் என்று நான் சொன்னது தவறு.


பட்டர்வொர்த் அக்கா | ஞாயிறு, பிற்பகல் 2:15

எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வீடு நடத்துகிறோம். ஆறு ஆண்டாக நான் பொருளாளர்.

தம்பி செந்தூல்காரன், வரவு செலவைப் பேரேடு பார்த்துவிட்டார். நான் அந்தக் கடைசி இரண்டு வரியைப் பார்க்கிறேன். 18 கட்டில். ஆண்டுக் கடைசியிலும் வீடு நிறைந்திருந்தது என்று வைத்துக்கொண்டால், பயனடைந்த 31 பேரில் 18 பேர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். வெளியேறியது 13 பேர். அப்படியென்றால் 26 பேர் எப்படிச் சொந்தக் காலில் நிற்க முடியும்? உள்ளே இருந்துகொண்டு வேலைக்குப் போகிறவர்களையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் எழுதினோம். வேலை கிடைத்து வெளியே போனால் 'வெற்றி' என்று ஒரு கோடு. பிறகு ஒரு தீபாவளிக்குப் புடவையும் முறுக்கும் கொடுக்கலாம் என்று அந்த ஆண்டு வெளியேறிய 11 பேரையும் கூப்பிட்டோம். நான்கு பேர் அந்த வேலையில் இல்லை. ஒரு பிள்ளை எந்த வீட்டிலிருந்து தப்பி எங்களிடம் வந்தாளோ அதே வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். எங்கள் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேராகவும் 'வெற்றி' என்றுதான் இருந்தது. நான் அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டோம். வெளியேறி மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் கூப்பிட்டு, நேற்று இரவு எங்கே படுத்தாய் என்று கேட்கிறோம். வாடகையை யார் கட்டுகிறார்கள், உடம்புக்கு வந்தால் யாரைக் கூப்பிடுவாய், இந்த இரண்டும் அடுத்து. உறவினர் வீட்டுக்குப் போனதைத் தோல்வி என்று எழுத மாட்டோம். அவள் விரும்பிப் போனாளா, வேறு வழியில்லாமல் போனாளா என்று எழுதுவோம். போன் எடுக்காதவர்களைத் தனியாக எழுதுவோம், வெற்றியில் சேர்க்க மாட்டோம்.

யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்றும் கேளுங்கள். அடையாள அட்டை இல்லாத பிள்ளையை எடுத்தால் வேலையும் கிடைக்காது, வங்கிக் கணக்கும் திறக்க முடியாது, தேசியப் பதிவு இலாகாவுக்கு அலைந்து அலைந்து கால் தேயும். அவளை எடுக்காத வீட்டின் எண்கள் அழகாக இருக்கும். எடுத்த வீட்டின் எண்கள் மோசமாகத் தெரியும்.

கையிருப்பைப் பற்றிப் பேரேடு சொன்னதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். லண்டனில் 1996இல் தொடங்கிய கிட்ஸ் கம்பெனி என்ற அமைப்பு, அரசாங்கம் பல மில்லியன் பவுண்டு கொடுத்தும் சேமிப்பே வைக்காமல் வந்ததையெல்லாம் பிள்ளைகளுக்குச் செலவழித்தது. 2015 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். மூடுவதற்குச் சில நாள் முன்புதான் அரசாங்கம் இன்னொரு 3 மில்லியன் பவுண்டு கொடுத்திருந்தது. அதன் அறங்காவலர்கள் மேல் வழக்குப் போட்டார்கள், 2021இல் நீதிமன்றம் அவர்கள் மேல் தவறில்லை என்று விடுவித்தது. நல்லவர்கள்தான். ஆனால் ஒரு நாள் பிள்ளைகள் வந்து நின்றபோது கதவு பூட்டியிருந்தது.


ராவாங் வாத்தியார் | ஞாயிறு, மாலை 4:40

சின்ன விஷயம் இரண்டு. வருமான வரிச் சட்டம் 1967இன் 44(6) பிரிவில் அனுமதி பெற்ற அமைப்பா என்று வருமான வரி வாரியத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். இருந்தால் உங்கள் 40 பேரில் வரி கட்டுகிறவர்களுக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு உண்டு, ஆனால் ரசீது அவரவர் பெயரில் இருக்க வேண்டும். அந்த அனுமதி வரிக்கானது. வேலை நன்றாக நடக்கிறது என்பதற்கு அது சான்று இல்லை.

அடுத்து, கணக்கில் கையெழுத்துப் போட்டது யார்? சங்கங்களில் ஆண்டுக்கூட்டத்தில் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இருவரே கணக்காய்வாளராக இருப்பது வழக்கம். உரிமம் பெற்ற கணக்காய்வாளர் என்றால் அது வேறு. கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவு இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கான அத்தாட்சியைக் கேளுங்கள், உடனே காட்டிவிடுவார்கள்.


செந்தூல்காரன் | அடுத்த ஞாயிறு, இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை நானும் இன்னும் இருவரும் நேரில் போய் வந்தோம். அப்படியே எழுதுகிறேன்.

பொருளாளர் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். 60,000 மானியம் பயிற்சிக்குத்தான், பேரேடு சொன்னது சரி. 50,800 அப்படியே இருக்கிறது. பையன்கள் ஷிஃப்ட் வேலைக்குப் போவதால் மாலை வகுப்புக்கு ஆள் சேரவில்லையாம். அந்த நிறுவனத்திடம் வேறு செலவுக்கு மாற்றித் தரக் கேட்டிருக்கிறீர்களா என்றோம். இல்லை, கேட்கத் தயக்கம் என்றார். ஆண்டறிக்கை அத்தாட்சி கையிலேயே வைத்திருந்தார். கணக்காய்வு வெளி நிறுவனம்.

சேமநிதி பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அது எங்களுக்கும் உறுத்தல்தான் தம்பி' என்றார்.

சாப்பாட்டுப் பணம் வார்டன் கையில்தான் போகிறது. ரசீதுகளை மாதவாரியாக மைலோ டின்களில் போட்டு வைத்திருக்கிறார். குளிர்சாதனப் பெட்டியின் ஒவ்வொரு தட்டிலும் பையன்கள் பெயர் ஒட்டியிருந்தது. சுவரில் சமையல் முறை யாருக்கு எந்த நாள் என்று எழுதியிருந்தது. நாங்கள் போன நேரம் ஒரு பையன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே 'உக்காருங்கண்ணே' என்றான்.

26 பேர் கணக்கு அக்கா சொன்ன மாதிரியேதான். உள்ளே வேலை செய்கிறவர்களையும் சேர்த்தது. பொருளாளரிடம் அதற்கு மேல் விவரம் இல்லை. அப்போது வார்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். மளிகைக்கடையில் கடன் எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். வெளியே போன 13 பேரும் அதில் இருக்கிறார்கள். ஐந்து பேர் சொந்தமாக அறை எடுத்து இருக்கிறார்கள். மூன்று பேர் உறவினர் வீட்டில். இருவர் ஜொகூரில் தொழிற்சாலை விடுதியில். மூன்று பேர் எங்கே என்று தெரியவில்லை, எண் மாறிவிட்டது. அந்த மூவர் பெயருக்குப் பக்கத்திலும் அவர் கூப்பிட்டுப் பார்த்த தேதிகள் வரிசையாக இருந்தன. ஒருவனுக்கு ஒன்பது தேதி.

இடமில்லாமல் திருப்பி அனுப்பியவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.


கேள்விக்குறி | அடுத்த ஞாயிறு, இரவு 10:05

13இல் 5. மற்ற எட்டுப் பேர்?


பேரேடு | அடுத்த ஞாயிறு, இரவு 10:40

236,000ஐ ஐந்தால் வகுத்து, ஒரு பையனை நிலைநிறுத்த 47,000 ஆயிற்று என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள். 18 கட்டில், 365 இரவு: 6,570 இரவுகள் யாரோ ஒருவர் மாமாக் கடையில் உட்காராமல் படுத்துத் தூங்கியிருக்கிறார். ஓர் இரவுக்கு 36 வெள்ளி, சாப்பாட்டோடு. அது தனியான பலன். வெளியே போன பிறகு என்ன ஆனது என்பது இன்னொரு பலன். இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தோடு உறவினர் வீட்டு மூவரையும் சேர்க்கலாமா என்பது அக்கா கேட்ட கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதைப் பொறுத்தது. ஜொகூர் இருவர் கதை இரவுப்பணி தம்பியின் கதை: வேலை போனால் படுக்கையும் போகும்.


பட்டர்வொர்த் அக்கா | திங்கள், காலை 6:55

என் கருத்து: கொடுங்கள். ஒன்பது தடவை கூப்பிட்டுப் பார்த்த மனிதர் இருக்கும் வீடு அது. ஆனால் விருந்து மேசை வாங்காதீர்கள், பயிற்சிக்கு என்றும் பெயர் போட்டுக் கொடுக்காதீர்கள். மாதம் 1,000 என்று எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தால் அவர்கள் ஊழியர் இருவருக்கும் சேமநிதி கட்டலாம். மாதம் 910 வரும், மீதி சொக்சோவுக்கு உதவும். பழைய பாக்கியைச் சேமநிதி அலுவலகத்தில் நேரில் போய்ப் பேசச் சொல்லுங்கள். தாமதித்தால் அபராதம் ஏறும்.

இன்னொன்று, அறிக்கையில் பையன்கள் முகம் தெரியும் படங்கள் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் அது அவனைத் துரத்தும்.


செந்தூல்காரன் | புதன், இரவு 11:10

நேற்றிரவு குழுவில் பேசினோம். இருவர் மட்டும் சீருடைக்கே கொடுக்கலாம் என்றார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பள்ளிக்குத் தனியாகத் திரட்டுவோம். மாதம் 1,000 என்று முடிவாகிவிட்டது, நிபந்தனை இல்லாமல். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு தாள் மட்டும் கேட்டிருக்கிறோம். பெயர் வேண்டாம், ஒன்று முதல் பதின்மூன்று வரை எண் போட்டு, மூன்றாம் மாதம் எங்கே, பன்னிரண்டாம் மாதம் எங்கே. திருப்பி அனுப்பியவர்களுக்கு ஒரு வரி. பொருளாளர் சரி என்றார். மானியத்தை மாற்றித் தரக் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதவும் சம்மதித்தார், பேரேடு வாசகம் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வார்டனுக்குத்தான் கஷ்டம். 18 பேரைப் பார்த்துக்கொண்டு வெளியே போனவர்களையும் அவரே கூப்பிட வேண்டும்.


இரவுப்பணி | புதன், இரவு 11:48

அண்ணே, எனக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நான் கூப்பிடுகிறேன். தெரியாத எண்ணிலிருந்து அழைத்தால் பையன்கள் எடுக்க மாட்டார்கள், வாடகை கேட்கிறவன் என்று நினைப்பார்கள். முதலில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப வேண்டும், நானும் இல்லத்தில் இருந்தவன்தான் என்று சொல்ல வேண்டும். அந்த மூன்று பேரில் இருந்தே தொடங்குவோம். வார்டன் அண்ணனுக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.


செந்தூல்காரன் | வியாழன், காலை 7:20

கேட்டுவிட்டேன் தம்பி. செவ்வாய் காலை 11 மணிக்கு செந்தூல் எல்.ஆர்.டி. நிலையத்துக்கு வந்துவிடு, நான் கூட்டிப்போகிறேன். 555 புத்தகத்தை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். சாப்பிடாமல் வரச் சொன்னார்.